இலத்தூர்க் குளத்தில் இறங்கிய விமானம்

விமானத்தில் காந்தம் ஏற்றலாமா, கூடாதா என்று நான் வேலை பார்த்த பழைய ஒர்க்ஷாப்பில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. யாரோ ஒரு வியாபாரி பெரிய ஒலிபெருக்கிகளைச் சரக்கில் போட வந்தாராம். ஏற்று என்றார் ஒரு மெக்கானிக், இறக்கு என்றார் இன்னொருவர். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த சாக்கில் இரண்டு பேரும் இலஞ்சியில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். “சார், நீங்க ஆயுசு பூரா காம்பஸோட இருந்தவங்க. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க” என்றார்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பயணியின் பையில் கிடக்கும் சின்ன காந்தத்தால் பெரிய விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. தள்ளிப் போகப் போகக் காந்தத்தின் பலம் மளமளவென்று குறைந்துவிடும். பைலட்டின் காம்பஸுக்கு அடியிலேயே பிழை திருத்துவதற்காகக் குட்டிக் குட்டிக் காந்தங்களை நாங்களே வைக்கிறோம். ஆனால் ஒலிபெருக்கி, மோட்டார் மாதிரிப் பெரிய காந்தம் உள்ள சாமான் வந்தால், பெட்டியை மூடிய பிறகு வெளியே எவ்வளவு தூரம் அதன் இழுப்பு தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பார்க்காமல் ஏற்றினால் ஆபத்துதான்.

இரண்டு பேருமே தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள். கிளம்புகிற நேரத்தில் சாரல் வலுத்துவிட்டது. “நீங்க பார்த்து அப்படி ஏதாவது நடந்திருக்கா சார்?” என்று கேட்டபடி மறுபடி உட்கார்ந்தார்கள். நடந்திருக்கிறது. எங்கேயோ இல்லை, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில். அன்றைக்குச் சொன்னதை எழுதியும் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியபோது நான் தென்காசியில் ஒரு கடிகாரக் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கடிகாரம் தெரியும் என்றதும் கருவிப் பிரிவில் போட்டுவிட்டார்கள். வடக்கே கொஞ்ச காலம் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டதில் பாதி இங்கிலீஷ், பாதி சப்பாத்தி சாப்பிடுவது. பிறகு மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கேதான் வாரண்ட் ஆபீசர் ஜாதவின் கீழ் வேலை பார்க்கும்படி ஆனது.

ஜாதவ் மராட்டியர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். குள்ளமான மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். காம்பஸ் பக்கம் போவதற்கு முன் அவர் செய்கிற சடங்கை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் கூடுவார்கள். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். பிறகு இடுப்பு பெல்ட், சாவிக்கொத்து, பேனா, மூக்குக்கண்ணாடிக் கூடு. எல்லாவற்றையும் ஒரு துண்டில் முடிந்து தூரத்தில் ஒரு கல்லின் மேல் வைப்பார். ஒரு தடவை பூட்ஸைக்கூடக் கழற்றினார், அடியில் லாடம் அடித்திருந்ததால். அவருடைய பித்தளைத் திருப்புளியை வேறு யாரும் தொட முடியாது. ஒருவன் தொட்டுவிட்டான், இரும்புத்தூள் ஒட்டியிருக்கும் என்று அதைக் கழுவிய ஆள் அவர்.

காம்பஸ் சரியா என்று பார்ப்பதை நாங்கள் ‘ஸ்விங்’ என்போம். இரும்பு எதுவும் இல்லாத வெட்டவெளியில் விமானத்தை நிறுத்த வேண்டும். கொஞ்சம் தள்ளி, மூன்று கால் மேல் நிற்கிற இன்னொரு காம்பஸோடு ஒருவர் நிற்பார். அதுதான் சாட்சி. விமானத்தை வடக்கு, வடகிழக்கு, கிழக்கு என்று ஒவ்வொரு திசைக்கும் திருப்பித் திருப்பி, உள்ளே இருக்கும் காம்பஸ் என்ன சொல்கிறது, வெளியே இருக்கும் சாட்சி என்ன சொல்கிறது என்று ஒப்பிடுவோம். மற்றவர்கள் ஒரு சுற்றோடு விடுவதை ஜாதவ் இரண்டு சுற்று பார்ப்பார். ஏன் என்று கேட்டால், “முதல் சுற்றில் நாம் எதிர்பார்த்ததைப் பார்க்கிறோம்” என்பார்.

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் தாமதம். ஆனி பிறந்தும் அருவியில் நூல்போலத்தான் தண்ணீர். அப்படி ஒரு நாளில் எங்கள் தளத்திலிருந்து சங்கரன் என்ற இளம் பைலட் ஒரு சின்ன விமானத்தில் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டார். மரச்சட்டத்தில் துணி போர்த்திய, இரண்டு பேர் உட்காரும் விமானம். முன் இருக்கையில் ஆள் இல்லை. மேற்கு மலை முழுக்க மேகம் மூடியிருந்ததால், மலையைத் தாண்டாமல் நேராகத் தெற்கே இறங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்பது உத்தரவு. பாதி வழியில் கீழேயும் மேகம் பரவிவிட்டது. அவர் மேகத்துக்கு மேலே, காம்பஸை மட்டும் நம்பிப் போயிருக்கிறார். ஒரு இடத்தில் மேகம் கிழிந்தபோது எதிரே பச்சையாக ஒரு சுவர் நின்றது. குற்றால மலை! விமானத்தை ஒடித்துத் திருப்பி, கண்ணில் பட்ட முதல் வெட்டவெளியில் இறக்கிவிட்டார். அதுதான் இலத்தூர்க் குளம். தண்ணீர் வற்றி, புல் முளைத்துக் கிடந்தது. விமானத்துக்கு ஒரு கீறல் இல்லை.

ஆனால் தெற்கே போக வேண்டியவர் தென்மேற்கே போயிருக்கிறார். கொஞ்சநஞ்சம் இல்லை, ஐம்பது மைலுக்கு மேல் விலகல். காம்பஸ் கெட்டதா, பைலட் கெட்டாரா என்று பார்த்து வரச் சொல்லி ஜாதவை அனுப்பினார்கள். ஊர்க்காரன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார். தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, முதலில் குற்றாலத்துக்குப் போனோம். அங்கே பயணியர் பங்களாவில்தான் சங்கரன் தங்கியிருந்தார்.

அவர் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் முகச்சவரம்கூடச் செய்யாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஜாதவ் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். எந்தத் திசை வைத்தார், காற்று தள்ளுவதற்கு எவ்வளவு விட்டார், எல்லாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கடைசியில் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: “காம்பஸ் தெற்குன்னு காட்டுச்சுங்க. நான் கண்ணால பார்த்தேன். இப்ப யோசிச்சா, நிஜமாப் பார்த்தேனான்னே சந்தேகமா இருக்கு.”

குளத்துக்குப் போனோம். கரை கொள்ளாத கூட்டம். மடைக்காரர் சுடலைமுத்துதான் எல்லாரையும் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார். குளத்துக்குத் தண்ணீர் விடுவது, நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. என்னைப் பார்த்ததும், “நீரு தென்காசி கடிகாரக்கடைத் தம்பில்லா? என்னய்யா, எங்க கொளத்துல கொண்டாந்து இத நிறுத்திட்டிய?” என்றார்.

“காம்பஸ் சரியான்னு பாக்கணும் அண்ணாச்சி. இதச் சுத்தித் திருப்ப ஆள் வேணும்.”

“ஆளுக்கென்ன பஞ்சம். ஏலே, எறங்குங்கலே!”

இருபது முப்பது பேர் இறங்கினார்கள். பாதிப் பேர் கையில் மண்வெட்டி, இடுப்பில் அரிவாள். இரும்பைக் கண்டால் காம்பஸ் திரும்பும், எல்லாவற்றையும் கரையில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றார் ஜாதவ். நான் சொன்னதும் பெரிய சிரிப்பு. “அரணாக்கொடிய அவுக்கணுமாய்யா?” என்றார் ஒருவர். வெள்ளி பரவாயில்லை என்றேன். “அப்பம் எனக்கு வேலை இல்ல, என்னது கறுப்புக் கயிறு” என்றார் இன்னொருவர். கரையில் அரிவாள்கள் குவிந்தன. ஜாதவும் தன் சாமான்களைத் துண்டில் முடிந்து அதன் பக்கத்தில் வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் கூட்டம் அடங்கியது. ஏதோ கோயில் காரியம்போல எல்லாரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

மூன்று கால் காம்பஸைத் தள்ளி நட்டுக்கொண்டு ஜாதவ் நின்றார். நான் பைலட் இருக்கையில். சிலர் வாலைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் இறக்கையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு திசையாகத் திருப்பினோம். நான் படிப்பதைச் சத்தமாகச் சொல்ல, அவர் அங்கிருந்து தலையாட்டினார். இரண்டு சுற்று முடிந்தது. காம்பஸில் சொல்லும்படி ஒரு பிழையும் இல்லை.

அப்படியென்றால் பிழை சங்கரனுடையது. நான் கீழே இறங்கியபோது ஜாதவ் பெல்ட்டைப் போடாமல் கையில் வைத்தபடி நின்றார். “காம்பஸ் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தால் அதில் ஒரு பொய்யும் கிடையாது” என்றார். “ஆனால் அந்தப் பையன் கணக்கும் சரியாக இருக்கிறதே.”

மறுநாள் காலையில் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. மலையில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. தளத்திலிருந்து தந்தியும் வந்தது. காம்பஸ் சரியாக இருந்தால் சங்கரன் அன்றைக்கே அதே விமானத்தில் திருவனந்தபுரம் போய்ச் சேர வேண்டும், விசாரணை பிறகு என்று.

குளத்துக்குப் போனால் சுடலைமுத்து முகம் மாறியிருந்தது. ஆற்றிலிருந்து வருகிற வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே விமானம் நிற்பதால் குளத்து வாயில் மண் போட்டு அடைத்து வைத்திருந்தார். அடைத்திருக்கும் வரைக்கும் தண்ணீர் அடுத்த ஊர்க் குளத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

“நாத்து பாவி வச்சிட்டுச் சனங்க காத்துக்கிட்டு இருக்காவ. நம்ம தண்ணி நம்ம கண்ணு முன்னால கீழ ஓடுது. எல்லாரும் என்னத்தான் கேக்காவ. இன்னைக்குப் பொழுது சாயுத வரைக்கும் நான் பிடிச்சு வைக்கேன். அதுக்கு மேல எனக்கு மொகம் இல்ல, சொல்லிப்புட்டேன்.”

நான் இதைச் சொன்னதும் ஜாதவ் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் விமானத்தைக் கிளப்பச் சொல்லவில்லை. “இது இறங்கியதை நேரில் பார்த்தவர்கள் யார்? கேளுங்கள்” என்றார். முந்தின நாளே கேட்ட கேள்விதான். கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். ஜாதவ் விடாமல் குறுக்கு விசாரணை செய்ததில், எல்லாருமே சத்தம் கேட்டுப் பிறகு ஓடி வந்தவர்கள் என்று தெரிந்தது. இறங்கும்போது குளத்துக்குள் இருந்தது ஒரே ஒருத்திதான். ஆடு மேய்க்கிற பேச்சியம்மாள்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். நடுத்தர வயது. கையில் தொரட்டிக் கம்போடு வந்தாள். சும்மா வரவில்லை, கோபமாக வந்தாள். “என்னைய எதுக்குக் கூப்பிடுதிய? ஆடு நாலு தெசைக்கும் செதறிட்டு. நேத்து முச்சூடும் தேடுனேன்.”

“ஒண்ணும் இல்லக்கா. இது எறங்குன பொறவு என்ன நடந்துது? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

“என்ன நடந்துது? தரையில குதிச்சுக் குதிச்சு வந்து நின்னுது. நான் படுத்துட்டேன். அந்தத் தம்பி எறங்கினாவ. வாந்தி எடுத்தாவ. தண்ணி கேப்பாவன்னு பாத்தேன், கேக்கல. நேரா முன்னால இருந்த குழிக்குள்ள ஏறி, கட்டி வச்சிருந்த ஒரு பெட்டிய அவுத்துத் தூக்குனாவ. நல்ல கனம் போல, ரெண்டு கையும் வளைச்சு நெஞ்சோட சேத்துக்கிட்டாவ. நான் ஒரு கை பிடிக்கட்டான்னு கேட்டேன். தொடாதீங்கன்னுட்டாவ. வெயில்ல அதக் கையிலயே வச்சிக்கிட்டு, வண்டி வருத வரைக்கும் நின்னாவ.”

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஜாதவ் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பங்களாவில் சங்கரன் கிளம்பத் தயாராக உடுப்புப் போட்டு நின்றார். கட்டிலுக்கு அடியில், போர்வை மூடி, அரக்கு முத்திரை வைத்த ஒரு மரப்பெட்டி இருந்தது. முந்தின நாள் நாங்கள் அதை அவருடைய சொந்தப் பெட்டி என்று நினைத்திருந்தோம்.

“இதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை” என்றார் சங்கரன். “கையை விட்டு அகலக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. உள்ளே என்ன என்று எனக்கே தெரியாது.”

“நானும் கேட்கவில்லை” என்றார் ஜாதவ். “திறக்கவும் வேண்டாம். பறந்தபோது அது எங்கே இருந்ததோ அங்கே கொண்டுவந்து வையுங்கள், போதும்.”

சங்கரன் போர்வையை எடுத்து மடித்துக் கட்டில் மேல் வைத்தார். பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கினார்.

வில்வண்டியில் குளத்துக்கு வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மறுபடியும் அரிவாள்கள் கரைக்குப் போயின. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. விமானத்தைத் தெற்கே பார்க்கத் திருப்பி நிறுத்தினோம். நான் பைலட் இருக்கையில் காம்பஸின் மேல் குனிந்திருந்தேன். அது தெற்கைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. சங்கரன் பெட்டியோடு முன் இருக்கைக்கு ஏறினார். அந்த இருக்கையின் முதுகுக்கும் என் காம்பஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைதான். அவர் பெட்டியைக் கீழே இறக்க இறக்க, என் கண் முன்னால் ஊசி தண்ணீரில் மிதக்கிற துரும்பைப்போல மெதுவாக நகர்ந்தது. நகர்ந்து, ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அதுதான் பயங்கரமாக இருந்தது. கெட்டுப்போன கருவி மாதிரி ஆடினால் யாருக்கும் சந்தேகம் வரும். இது உறுதியாக நின்றது, தெற்கு எங்கேயோ இருக்க வேறெங்கேயோ காட்டிக்கொண்டு.

“என்ன?” என்றார் ஜாதவ் தூரத்திலிருந்து.

நான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையால் கூப்பிட்டேன். அவர் வந்து எட்டிப் பார்த்தார். “ஆட்களை விட்டுத் திருப்புங்கள். இந்த ஊசி தெற்கு என்று சொல்லும் வரைக்கும் திருப்புங்கள்” என்றார். இறக்கையைப் பிடித்து மெல்லத் திருப்பினார்கள். ஊசி தெற்கு என்று சொன்னபோது விமானத்தின் மூக்கு எங்கே பார்த்து நின்றது என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். தென்மேற்கு. சங்கரன் முன் இருக்கையில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சுடலைமுத்து என்னிடம் வந்து, “என்னவாம்?” என்றார்.

“பெட்டிக்குள்ள காந்தம் இருக்கு அண்ணாச்சி. அதுதான் வழிய மாத்திட்டு.”

“இத வச்சிக்கிட்டா இன்னைக்கும் அவர அனுப்பப் பாத்தாவ?”

நான் மலையைத் திரும்பிப் பார்த்தேன். அதே பெட்டி, அதே இருக்கை, அவர் வழி தவறிய நாளைவிட அடர்ந்த மேகம்.

ஆனாலும் பெட்டி போய்ச் சேர வேண்டும். ஜாதவ் அதையும் விடவில்லை. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவரே பைலட் இருக்கையில் ஏறி, தூரத்திலிருந்து காம்பஸை நோக்கி நடந்து வரச் சொன்னார். ஊசி அசையத் தொடங்கும் இடத்தில் “நில்!” என்றார். பக்கவாட்டிலிருந்து, பின்னாலிருந்து என்று பல தடவை. நான் நின்ற இடங்களில் சுடலைமுத்து ஒரு குச்சியை நட்டு வைத்தார். கடைசியில் பார்த்தால் அந்தக் குச்சிகளின் வட்டத்துக்குள்ளேயே விமானத்தில் சாமான் வைக்கக்கூடிய எல்லா இடமும் அடங்கிவிட்டது. ஜாதவ் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். “பெட்டி பறக்காது. விமானம் காலியாகத் தளத்துக்குத் திரும்பும். பெட்டி ரயிலில் போகும்” என்றார். தளத்தைக் கேட்கவில்லையா என்றேன். “கேட்டால் பதில் வருவதற்குள் இவர்களுடைய தண்ணீர் எல்லாம் போய்விடும். நான் பொறுப்பு” என்றார்.

பெட்டி இல்லாமல் ஒரு தடவை காம்பஸைப் பார்த்துவிட்டு, சங்கரன் ஏறினார். ஊரே சேர்ந்து விமானத்தைக் குளத்தின் கிழக்குக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனது. காற்று மலையிலிருந்து வந்தது; காற்றை எதிர்த்து ஓடினால்தான் சீக்கிரம் எழும்பலாம். விமானம் மேற்கே பார்த்து ஓடி, கரையோரப் பனைகளுக்கு மேலே எழும்பி, மலைக்கு முன்னாலேயே திரும்பி வடகிழக்கே போனது. சத்தம் அடங்குவதற்குள் சுடலைமுத்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்து வாயைப் பார்த்து ஓடினார். பின்னாலேயே பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பேச்சியம்மாள் மேட்டிலிருந்து, “ஏ, என் ஆடு உள்ள நிக்குதான்னு பாருங்கடே!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஜாதவ் மதுரை ரயில் ஏறினார். நான் பெட்டியோடு செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போனேன். குகைகளுக்குள் வண்டி நுழைந்து வெளியே வருகிற அந்தப் பாதையில், எதிரே இருந்த ஒரு வயதானவர் பெட்டியைக் காட்டி, “எந்தா மோனே, மாங்காயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். திருவனந்தபுரத்தில் பெட்டியை வாங்கிய ஆபீசர், இவ்வளவு தாமதமா என்று காய்ந்து விழுந்தார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடலோரத்தில் விமானங்களைக் கண்டுபிடிக்கிற ஏதோ யந்திரத்துக்கான காந்தங்கள் அவை என்று யுத்தம் முடிந்த பிறகு யாரோ சொன்னார்கள்.

விசாரணை நடந்தது. தளத்தைக் கேட்காமல் முடிவு எடுத்ததற்காக ஜாதவுக்கு ஒரு கண்டனம் கிடைத்தது. சங்கரன் மேல் தவறு இல்லை என்று தீர்ப்பாயிற்று. அளந்து பார்க்காமல் எந்தப் பெட்டியையும் காம்பஸ் பக்கம் வைக்கக்கூடாது என்று பிறகு ஓர் உத்தரவு வந்தது. அந்த அளக்கிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழுந்தது. ஓய்வு பெறுகிற வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது விசாரணை இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து நான் தளத்துக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், அந்தச் சின்ன விமானம் ஹாங்கர் கொட்டகையில் நின்றது. சங்கரன் அதன் பக்கத்தில் ஒரு காலிப் பெட்ரோல் டின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் சாதாரண மெக்கானிக், அவர் எழுந்திருக்க வேண்டியதே இல்லை.

“ராஜபாளையம் தாண்டினதும் மறுபடி கீழே பூரா மேகங்க” என்றார். “தரை தெரியல. வேற வழியில்லாம காம்பஸையே பார்த்துட்டு வந்தேன். இந்தப் பக்கம் போறோமா, அந்தப் பக்கம் போறோமான்னு சந்தேகமாவே இருந்துச்சு. திருப்பிடலாமான்னு எத்தனையோ தடவை தோணுச்சு. திருப்பல. மேகம் விலகினப்போ மதுரைக் கோபுரம் நேர் முன்னால நின்னுச்சுங்க. வலமும் இல்ல, இடமும் இல்ல.”

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அப்படின்னா அன்னைக்கும் நான் சரியாத்தான் ஓட்டியிருக்கேன், இல்லைங்களா?”

விசாரணை ஆபீசர்கள் அதற்குப் பதில் சொல்ல இன்னும் நாள் இருந்தது. நான் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

“ஆமா சார்” என்றேன். “நீங்க சரியாத்தான் ஓட்டுனிய.”